‘தே’ பலருக்கு மட்டும்தானா?

ஆங்கிலத்தில் ‘தே’ பன்மைக்கு மட்டுமே உரியது, ஒருவரை அதனால் சுட்டுவது அண்மையில் புகுந்த பிழை என்ற பேச்சு வகுப்பறைகளில் ஓயாமல் கேட்கிறது. அது பிழையும் அன்று, அண்மையில் வந்ததும் அன்று.

ஆணா பெண்ணா என்று தெரியாத ஒருவரை ‘தே’ என்பது 14ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. ஷேக்ஸ்பியரும் ஜேன் ஆஸ்டினும் அப்படி எழுதியவர்களே. பிற்பாடு வந்தது தடைதான். 18ஆம் நூற்றாண்டில் ஆன் ஃபிஷரின் இலக்கண நூல் ‘ஹி’ இருபாலுக்கும் பொது என்றது. 1850இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம், சட்டங்களில் வரும் ஆண்பாற்சொல் பெண்ணையும் குறிக்கும் என்று சட்டமே இயற்றியது. நல்ல அகராதி ஒன்றைப் புரட்டாமல் பழைய வழக்கைப் புதுப்பிழை என்று கற்பிப்பது பொறுப்பின்மை.

ஒருவருக்குப் பன்மையா என்று கேட்பவர்கள் ‘யூ’வை மறந்துவிடுகிறார்கள். முன்பு ‘தௌ’ ஒருமை, ‘யூ’ பன்மை. மரியாதைக்காக ஒருவரையும் ‘யூ’ என்று அழைக்கப்போய்ப் பொதுவழக்கில் ‘தௌ’ மறைந்தது. ஒருவரிடமும் ‘யூ ஆர்’ என்றே பேசுவது அந்தப் பன்மையின் எச்சம். தமிழிலும் ‘அவர்’ பலர்பால். ‘அவர் வந்தார்’ என்றாலோ வந்தவர் ஒருவர். ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் உள்ள உயர்சொல் என்று தொல்காப்பியம் சொல்கிறது. நாள்தோறும் ‘அவர்’ என்று சொல்லும் வாய் ‘தே’யைப் பழிப்பது எப்படிப் பொருந்தும்? அமெரிக்க உளவியல் சங்கத்தின் எழுத்துநடைக் கையேடும் 2019இல் வந்த 7ஆம் பதிப்பில் ஒருமைத் ‘தே’யை ஏற்றுக்கொண்டது.

‘மீ’யைவிட ‘ஐ’ பண்பானது என்பது இன்னொரு நம்பிக்கை. ‘ஹி இன்வைட்டட் ரவி அண்ட் ஐ’ என்பதில் ரவியை நீக்கிப் பார்த்தால் போதும்: ‘நானை அழைத்தார்’ என்று எவரும் சொல்வதில்லை. ‘மைசெல்ஃப் குமார்’ என்ற அறிமுகமும் அப்படித்தான். ‘மைசெல்ஃப்’ தற்சுட்டுப் பெயர். செய்தவரும் செயலுக்கு உள்ளானவரும் ஒருவரேயானால், அல்லது அழுத்தம் வேண்டினால் வரும்.

இணைப்பவற்றை ஒரே வடிவில் அமைக்கும் பேரலல் ஸ்ட்ரக்சர் வெறும் நடையழகு என்பதும் தவறு. ‘அண்ட்’ ஒரே வடிவில் உள்ளவற்றை இணைக்கும். ‘ரீடிங், ஸ்விம்மிங் அண்ட் டு டான்ஸ்’ அதனால்தான் இடறுகிறது. ‘படிக்கவும் நீந்தவும் ஆடவும்’ என்று எண்ணும்மை தரும் ஒழுங்கும் இதுவே. இரண்டையும் ஒரே வகுப்பில் சேர்த்து நடத்தினால் பாதிச் சுமை குறையும். பள்ளிகள் அதைச் செய்யாதது வருத்தத்துக்குரியது. இதே ஒழுங்கின்படி, ‘நாட் ஒன்லி’க்குப் பின் வினைச்சொல் வந்தால் ‘பட் ஆல்சோ’வுக்குப் பின்னும் வினைச்சொல், பெயர் வந்தால் பெயர்.