தக்கை மரமும் அதன் பட்டையை உரிக்கும் முறையும்

புட்டியின் வாயை அடைக்கும் தக்கை ஒரு மரத்தின் மேற்பட்டையே என்பதைப் பலரும் அறிவர். அம்மரத்தை வெட்டாமல், ஒரே மரத்தினின்று தலைமுறை தலைமுறையாய்ப் பட்டை எடுக்கலாகும் என்பதை அறிந்தவர் சிலரே. இது ஓக் இனத்தைச் சேர்ந்தது. என்றும் பசுமை மாறாதது. ஸ்பெயின், மொராக்கோ, அல்ஜீரியா முதலிய தேசங்களிலும் உண்டெனினும், உலகத்துத் தக்கையில் ஏறக்குறையப் பாதி போர்த்துகலில் உற்பத்தியாகிறது. அங்கும் தென்பாகமான அலென்தெஜோவே இதற்குப் பேர்போனது. நம் ஊர் மரமல்லியையும் இங்கிலீஷில் இந்தியத் தக்கை மரம் என்பர். அதன் பட்டை மட்டமானது. மரமும் வேறு ஜாதி.

வேண்டாத மரத்தைப் பட்டுப்போகச் செய்ய நம் குடியானவர்கள் அடிமரத்தில் சுற்றிலும் பட்டையைச் செதுக்கிவிடுவதுண்டு. அங்ஙனமிருக்க, அடிமரம் முழுவதும் உரிபட்ட தக்கை மரம் பிழைப்பது எவ்வாறெனில், அதன் பட்டை இரண்டு அடுக்காயுள்ளது. வெளியடுக்கு உயிரற்றது, காற்று நிரம்பிய நுண்ணிய அறைகளாலாகியது. அதுவே தக்கை. உள்ளடுக்கு உயிருள்ளது, இலைகளில் தயாராகும் உணவை வேர்களுக்குக் கொண்டுசெல்வது. புதிய தக்கை உண்டாவதும் அதிலிருந்தே. இதைத் தாய்ப்பட்டை எனலாம். வெளிப்பட்டை போனால் மரம் தாங்கும். தாய்ப்பட்டை சுற்றிலும் போனால் மரமே போயிற்று.

உரிப்புக்காலம் மே மாத நடுவிலிருந்து ஆகஸ்டு மாத நடுவரை. அப்போது மரம் நன்றாய் வளர்ந்துகொண்டிருப்பதால், இரண்டடுக்குக்கும் இடையிலுள்ள பாகம் இளசாயிருந்து தக்கை எளிதில் கழன்றுவரும். காலந்தப்பி உரித்தால் தாய்ப்பட்டையும் கூடவே பிய்ந்து வரும். மழை பெய்தாலும் அனற்காற்று வீசினாலும் வேலையை நிறுத்திவிடுவர்.

ஒரு மரத்திற்கு இருவர் வேலை செய்வர். கருவி கோடரி ஒன்றே. அதன் காம்பின் நுனி ஆப்புப்போல் சீவப்பட்டிருக்கும். பட்டையில் ஆழமாய் ஓடும் வெடிப்பைப் பார்த்து, அதன் வழியே நெடுக்காக வெட்டி, வெட்டினிடத்திலேயே கோடரியின் வாயைச் சற்றுத் திருகுவார்கள். அப்போது எழும் ஓசையே குறி. உள்ளே வெறுமையாய்க் கிழிபடுவதுபோல் ஓசை வந்தால் பட்டை நன்றாய்க் கழலும். குறுகிய வறட்டு ஓசையானால் கழலுவது கடினம். அத்தகைய மரத்தை அவ்வருஷம் விட்டுவிடுவதே நலம். பின்பு குறுக்கே வெட்டி, காம்பின் நுனியை உட்செலுத்தி, பட்டையைப் பலகையாக நெம்பி எடுப்பர். பலகை உடையாமல் பெரிதாய் வந்தால் விலை அதிகம். கோடரி சற்றே கூடுதலாய் இறங்கினாலும் தாய்ப்பட்டை காயப்படும்; அவ்விடத்தில் தக்கை ஒழுங்காய் வளராது; பூச்சியும் நோயும் புகும். ஆகையால்தான் இவ்வேலைக்காரர்களின் கூலி, அப்பிரதேசத்து விவசாயக் கூலிகளில் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருக்கிறது. இதில் சிக்கனம் பார்க்கும் நிலச்சொந்தக்காரர், கூலியில் மிச்சம்பிடித்ததை மரத்தில் இழப்பார்.

நிற்க, காத்திருத்தல் இதனினும் கடினம். தரையிலிருந்து 1.30 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவு 70 சென்டிமீட்டர் ஆகும்வரை போர்த்துகல் சட்டப்படி உரிக்கலாகாது. அதற்குச் சுமார் 25 வருஷம் செல்லும். முதல் தக்கை கரடுமுரடானது, புட்டிக்கு உதவாது. ஒன்பது வருஷம் கழித்து எடுக்கும் இரண்டாவதும் அவ்வாறே. இவற்றை அரைத்து, தரைக்கும் சுவருக்குமான பலகைகள் செய்வர். இன்னும் ஒன்பது வருஷம் சென்று வரும் மூன்றாவதே நல்ல தக்கை. ஆக 43 வருஷம்.

ஒன்பது வருஷ இடைவெளியும் சட்டத்தால் ஏற்பட்டதே. கடன்காரர் வாசலில் நிற்கையில், ஏழாம் வருஷமே உரித்தால் என்ன என்று எவருக்கும் தோன்றும். மரம் பலஹீனப்படுவது ஒருபுறமிருக்க, சரக்கும் உதவாது. புட்டித்தக்கையின் குறுக்களவு சுமார் 24 மில்லிமீட்டர். பலகையில் மரத்தின் உயரப்போக்கிலேயே அது துளைத்தெடுக்கப்படுவதால், பலகையின் கனம் அதைவிட அதிகமாயிருக்கவேண்டும். கனம் சேராத பலகை அரைக்கத்தான் ஆகும்.

உயரத்திற்கும் வரம்பு உண்டு. முதல் உரிப்பில் சுற்றளவைப்போல் இரண்டு மடங்கும், மூன்றாவது முதற்கொண்டு மூன்று மடங்கும் உச்ச அளவாம். 70 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள இளமரத்தில் 140 சென்டிமீட்டருக்கு மேல் கோடரி ஏறலாகாது.

உரித்தவுடன் செந்நிறமாய்த் தோன்றும் அடிமரத்தில், அவ்வருஷத்தின் கடைசி இலக்கத்தை வெள்ளை வர்ணத்தால் எழுதிவிடுவர். 2024-ல் உரித்த மரத்தில் 4 என்றிருக்கும். 2033-க்கு முன் அதைத் தொடலாகாது. கிராமக் கணக்கு எழுதுவோர் கவனிக்கத்தக்க ஏற்பாடு இது. அடங்கலைப் புரட்டாமலே வழிப்போக்கனும் தணிக்கை செய்துவிடலாம்.

இங்ஙனம் பேணிய மரம் என்ன கொடுக்கும் என்பதற்கு, ஆகுவாஸ் தெ மோரா என்னும் ஊரில் 1783-ல் நட்ட மரம் அத்தாட்சி. 1820 முதல் இருபது தடவைக்குமேல் அது உரிக்கப்பட்டிருக்கிறது. 1991-ல் ஒரே உரிப்பில் 1,200 கிலோகிராம் கிடைத்து, லக்ஷத்திற்கு மேற்பட்ட புட்டித்தக்கைகள் ஆயின.

மரங்களின் கீழ் ஆடுமாடுகள் மேய்வதும், பன்றிகள் கொட்டைகளைத் தின்று கொழுப்பதும் வழக்கம். தானியப் பயிரும் இடுவதுண்டு. ஆனால் மரத்தடியில் ஆழ உழுதால் வேர்கள் அறுபட்டு மரம் நாளடைவில் காயும். 1929-ல் போர்த்துகல் அரசாங்கம் தொடங்கிய கோதுமை இயக்கத்தின்போது இத்தோப்புகளிலும் ஏர் புகுந்தது. மரங்களுக்கு அதனால் விளைந்த கேடு அதிகம். 2001-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தன் நிலத்து மரமாயினும் அனுமதியின்றி வெட்டலாகாது.