நுளம்பு தேடும் நீர்

மழை விட்டு மூன்று நான்கு வாரங்கள் சென்றபின் அருவி ஆற்றுப் பக்கமோ கனகராயன் ஆற்றுப் பக்கமோ ஒருமுறை போய்ப் பாருங்கள். மார்கழியில் கரைபுரண்ட ஆறு மெலிந்து, மணற்படுக்கையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டைகளை விட்டுச் சென்றிருக்கும். நீர் தெளிவாக இருக்கும். வெயில் அடிமணல் வரை விழும். எமது நாட்டில் மலேரியாவைப் பரப்பி வந்த நுளம்பு முட்டையிடத் தேடியது இந்த நீரைத்தான்.

கிராமக் கூட்டங்களில் “நுளம்பு எங்கே பெருகுகிறது?” என்று கேட்டால், முதலில் வரும் பதில் “சாக்கடை” என்பதே. அடுத்தது “சிரட்டை, ரயர்”. இரண்டும் பிழையல்ல. ஆனால் அவை வேறு நுளம்புகளின் இடங்கள். நுளம்பு என்றால் எல்லாம் ஒன்றே என்று எண்ணுவதால், நாம் பல வேளைகளில் ஓரிடத்தில் வேலை செய்துவிட்டு வேறோரிடத்தில் பலனை எதிர்பார்க்கிறோம்.

எந்த நுளம்பு, எந்த நீர்?

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பு வீட்டைச் சுற்றியுள்ள சிறு பாத்திரங்களில் தேங்கும் நீரில் பெருகுவது. பகலில் கடிப்பது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்பு அழுக்கு நீரையும் மலகூடக் குழிகளையும் நாடுவது. மலேரியாவைப் பரப்பக்கூடியவை அனோபிலிஸ் இனத்து நுளம்புகள் மட்டுமே. அவற்றிலும் பெரும்பாலானவை எமக்குத் தீங்கற்றவை. இலங்கையில் நீண்டகாலம் முதன்மைக் குற்றவாளியாக இருந்தது அனோபிலிஸ் குலிசிபேசிஸ். ஆற்றுக் குட்டைகள், கல் உடைத்த குழிகள், மாணிக்கக் குழிகள் ஆகியவை அதன் விருப்பத்துக்குரிய இடங்கள். அது மனிதரைவிட மாடுகளையே அதிகம் கடிப்பது என்பதும் அறியத்தக்கது. மாடு கிடைக்காதபோதும் நுளம்பு மிகுந்து பெருகும்போதும் எம்மை நாடுகிறது.

குடம்பியைக் கொண்டே இனத்தை ஓரளவு பிரித்தறியலாம். இதற்குக் கருவி ஏதும் வேண்டாம். வெள்ளை நிறக் கோப்பை ஒன்றை நீர் மட்டத்தில் சரித்து மெதுவாக அள்ளி, நிழல் விழாதபடி பிடித்துச் சிறிது நேரம் பாருங்கள். தலை கீழாகத் தொங்கிக்கொண்டு வாலை நீரின் மேல் வைத்திருப்பவை ஈடிஸ் அல்லது கியூலெக்ஸ். நீர்ப்பரப்போடு ஒட்டிக் கிடையாக மிதப்பவை அனோபிலிஸ். மற்றவற்றுக்கு மூச்சுவிடும் குழாய் வாலில் உண்டு. அனோபிலிஸுக்கு அது இல்லை. ஆகையால் உடல் முழுவதையும் மேற்பரப்பில் கிடத்தியே அது மூச்சு விடுகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை காட்டினால் போதும். அதன்பின் அவர்கள் எம்மைவிட விரைவாகக் கண்டுபிடித்து விடுவார்கள்.

பன்னிரண்டு நாட்களின் கணக்கு

முட்டை குடம்பியாகி, கூட்டுப்புழுவாகி, நுளம்பாகப் பறக்க எமது வெப்பநிலையில் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் செல்லும். பெண் நுளம்பு மட்டுமே இரத்தம் குடிக்கும்; முட்டை முதிர அதற்கு இரத்தம் தேவை. மலேரியா நோயாளி ஒருவரைக் கடித்தால் ஒட்டுண்ணி அதன் வயிற்றுக்குள் செல்கிறது. 1897இல் செக்கந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் நுளம்பின் வயிற்றுச் சுவரில் கண்டது இந்த ஒட்டுண்ணியின் வளர்ச்சியைத்தான்.

ஆனால் நோயாளியைக் கடித்த நுளம்பு மறுநாளே நோயைக் கொடுக்க முடியாது. ஒட்டுண்ணி அதன் உடலில் வளர்ந்து உமிழ்நீர்ச் சுரப்பியை அடைய ஏறத்தாழ 10 முதல் 14 நாட்கள் வேண்டும். அதுவரை நுளம்பு உயிரோடிருக்க வேண்டும். பேச்சுக்கு ஒரு கணக்குப் பார்ப்போம். நாளொன்றுக்குப் பத்தில் எட்டு நுளம்புகள் தப்புவதாகக் கொண்டால், பன்னிரண்டு நாட்களின் பின் நூறில் ஏழு எஞ்சும். நாளொன்றுக்குப் பத்தில் ஐந்து மட்டுமே தப்பினால், நாலாயிரத்தில் ஒன்று எஞ்சுவதே அரிது. எல்லா நுளம்பையும் ஒழிக்க வேண்டியதில்லை. அவை முதுமை அடையாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்பது இதனால் விளங்கும்.

வீட்டுச் சுவருக்கு மருந்து தெளித்ததன் பொருளும் இதுவே. இரத்தம் குடித்த நுளம்பு பாரம் தாங்காமல் அருகிலுள்ள சுவரில் இளைப்பாறும். சுவரிலுள்ள மருந்து அதன் காலில் பட்டு அது இறக்கும். ஆகவே தெளிமருந்து கடிபட்டவரைக் காப்பதில்லை. அடுத்து கடிபடவிருப்பவரையே காக்கிறது. “மருந்தடித்த வீட்டிலும் கடிக்கிறதே” என்று அக்காலத்தில் எமது அம்மாமார் முறையிட்டதில் உண்மை உண்டு. ஆனால் மருந்து பயனற்றது என்று அதற்குப் பொருளல்ல. மலத்தியனின் நாற்றம் பொறுக்காமலும், பொங்கலுக்கோ நத்தாருக்கோ வீடு அழகாக இருக்க வேண்டும் என்றும், தெளித்து ஒரு மாதத்துக்குள் மண்சுவரைச் சாணமிட்டு மெழுகியவர்கள் பலர். மருந்து மெழுக்கின் அடியில் போய்விட்டது. இதை யாரும் அவர்களுக்கு விளக்கிச் சொல்லவில்லை என்பதே எமது குறை. தெளிக்க வந்தவர்கள் தெளித்துவிட்டுப் போனார்கள்.

ஆறு வற்றினால்

1934இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஆண்டு முழுவதும் வேகமாக ஓடும் தெதுறு ஓயா, மகா ஓயா, களனி கங்கை முதலியன குட்டை குட்டையாகத் தேங்கின. ஓடும் நீரில் குடம்பி அள்ளுண்டு போகும்; தேங்கிய நீரில் கோடிக்கணக்கில் பெருகியது. மலேரியாவை அதிகம் அறியாத, எதிர்ப்புச் சக்தியற்ற மக்கள் வாழ்ந்த கேகாலை, குருநாகல் பகுதிகள் பேரழிவைக் கண்டன. 1935 முடிவதற்குள் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். மழையே நுளம்பைக் கொண்டுவருகிறது என்று எண்ணுவோருக்கு இது வியப்பாக இருக்கலாம். ஈரவலயத்தில் வறட்சி ஆபத்து. எமது வரண்ட பிரதேசத்தில் மாரி முடிந்து ஆறு வற்றத் தொடங்கும் தை, மாசி மாதங்கள் ஆபத்து. இரண்டிலும் காரணம் ஒன்றே: ஓடிய நீர் நின்றுவிடுகிறது.

1946இல் டி.டி.ரி. வந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே பதிவாயினர். வெற்றி கிட்டிவிட்டதென்று தெளிப்பை நிறுத்தினோம்; இரத்தப் பரிசோதனையும் தளர்ந்தது. 1967, 1968இல் மழை குறைந்தது. 1969இல் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். நுளம்பும் டி.டி.ரி.க்குப் பழகிவிட்டது. 1970களின் நடுப்பகுதியிலிருந்து மலத்தியன் அதன் இடத்தைப் பிடித்தது. போர்க்காலத்தில், 1999இல், இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் இருந்தனர். பெரும்பகுதியினர் வடக்கு, கிழக்கைச் சேர்ந்தவர்கள். இடம்பெயர்ந்து காட்டோரக் கொட்டில்களில் படுத்தவர்களுக்கு அந்நாட்களை நாம் நினைவூட்டத் தேவையில்லை.

அதே 1990களில் வடமத்திய மாகாணத்தில் செய்யப்பட்ட ஆய்வுகள், நுளம்பு பெருகும் ஓயாவிலிருந்து 750 மீற்றருக்குள் குடியிருந்தவர்களுக்கு மலேரியா வரும் வாய்ப்பு மிக அதிகம் எனக் காட்டின. மேலேயுள்ள குளத்திலிருந்து நீரை முறையாகத் திறந்துவிட்டு ஓயாவின் குட்டைகளை மூடச் செய்தால் குடம்பிகளைக் குறைக்கலாம் என்பதும் அவ்வாய்வுகளில் எழுந்த யோசனை. இது சுகாதாரத் திணைக்களம் மட்டும் செய்யக்கூடிய காரியமல்ல. நீர்ப்பாசன உத்தியோகத்தரும் கமக்காரர் அமைப்பும் ஒரே மேசையில் இருந்தாலே இயலும்.

இரத்தப் பரிசோதனை, வீடு வீடாக நுளம்புவலை, மருந்து தெளிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து, 2012 ஒக்டோபருக்குப் பின் உள்நாட்டில் தொற்றிய மலேரியா இல்லை என்ற நிலையைக் கொண்டுவந்தன. 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

கிணற்றுக்கு வந்த நுளம்பு

அறிவிப்பு வந்து மூன்று மாதங்களில், 2016 டிசெம்பரில், மன்னார்த் தீவில் கிணறுகளைப் பரிசோதித்தவர்கள் இந்நாட்டில் முன்பு காணப்படாத ஒரு நுளம்பின் குடம்பிகளைக் கண்டனர். அது அனோபிலிஸ் ஸ்டீபன்சி. இந்திய நகரங்களில் மலேரியாவைப் பரப்புவது. பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் கண்டுபிடிக்கப்பட்டது. இதே நுளம்பு 2012இல் ஆபிரிக்காவின் ஜிபூட்டியிலும், பின்னர் எத்தியோப்பியாவிலும் புகுந்தது. 2022இல் எத்தியோப்பியாவின் டிரே டாவா நகரில் மலேரியா பரவியதற்கு இதுவே காரணமாயிற்று.

இதற்கு ஆறு தேவையில்லை. கட்டுக் கிணறு, சிமெந்துத் தொட்டி, மூடியில்லாத மேல்நிலைத் தாங்கி ஆகியவை போதும். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தில் நல்ல தண்ணீர்க் கிணறு இல்லாத வளவு எங்கே இருக்கிறது? ஆற்றை நோக்கி நாம் கற்ற பாடத்தை இனிக் கிணற்றடியிலும் கற்க வேண்டியுள்ளது.

குடிக்கும் கிணற்றில் மண்ணெண்ணெய் ஊற்றுவது ஒருபோதும் கூடாது. பூச்சிமருந்தையும் நாமாக இடக்கூடாது. மலேரியா தடை இயக்கத்தினர் அளவறிந்து இடுவது வேறு. எமது கைக்கு எட்டிய வழி கப்பி மீன். விரல் நீளமும் வராத இம்மீன் குடம்பிகளை உண்ணும். முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனுவதால் கிணற்றுக்குள்ளேயே பெருகும். கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்யும்போது சிலவற்றை வாளியில் எடுத்து வைத்து மீண்டும் விட வேண்டும். வெள்ளத்தின் பின் குளோரின் இட்டால் மீன் இறந்துவிடும். சில நாட்கள் பொறுத்துப் புதிதாக விடுங்கள். அது அந்நிய மீன் ஆகையால் குளத்திலும் ஆற்றிலும் விடாதீர்கள். பாவிக்கும் கிணற்றின் வாயை நெருக்கமான வலையால் இறுக்கி மூடுவதும் நல்லது. சருகு விழாமல் இருப்பது மேலதிக நன்மை. தொட்டிகளைக் கிழமைக்கு ஒருமுறை வெறுமையாக்கி உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நீரை மாற்றினால் மட்டும் போதாது.

சிக்கல் பாவிக்கும் கிணறுகளில் அல்ல, பாவிக்காத கிணறுகளில்தான். சொந்தக்காரர் கனடாவிலோ கொழும்பிலோ இருக்கிறார், படலைக்குப் பூட்டு, உள்ளே பற்றை மூடிய வளவில் ஒரு நல்ல கிணறு. அயலவர் உள்ளே போகத் தயங்குகிறார். பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குத் திறப்பு கிடைப்பதில்லை. ஒவ்வொரு கிராம அபிவிருத்திச் சங்கமும் தன் எல்லைக்குள் உள்ள இத்தகைய கிணறுகளின் பட்டியலைத் தயாரித்து, சொந்தக்காரரின் உறவினர் யார், திறப்பு யாரிடம் என்பதையும் எழுதி வைப்பது பெரிய வேலையல்ல. தொலைபேசியில் அனுமதி கேட்டால் பெரும்பாலும் எவரும் மறுப்பதில்லை. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

காய்ச்சல் வந்தால்

நுளம்பு இருந்தும் நோய் இல்லை என்றால், கடிபட வேண்டிய நோயாளி இல்லை என்பதே காரணம். அந்த நோயாளி விமானத்திலோ படகிலோ வரலாம். கனடாவுக்குப் போகும் எண்ணத்துடன் மேற்கு ஆபிரிக்காவில் இறக்கப்பட்டு, அங்கே அகப்பட்டு 2012ஐ அண்டிய காலத்தில் திரும்பி வந்த எமது இளைஞர்களிடையே மலேரியா கண்டுபிடிக்கப்பட்டது. 2018இல் வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து நுளம்பு வழியாக உள்ளூரவர் ஒருவருக்கு நோய் தொற்றியது. நல்ல வேளையாக அது மேலும் பரவவில்லை.

இந்தியாவிலிருந்தோ ஆபிரிக்காவிலிருந்தோ திரும்பியவருக்குக் காய்ச்சல் வந்தால், “நான் இன்ன நாட்டிலிருந்து இன்ன மாதம் வந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்” என்று அவரே சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றதும் டெங்குவை நினைக்கும் காலம் இது. மலேரியா நோயாளி ஒருவரையேனும் காணாத இளம் வைத்தியர்கள் இன்று பலர். பல்சிபாரம் வகை சில நாட்களில் உயிரைப் பறிக்கக்கூடியது. வைவாக்ஸ் வகை ஈரலில் மறைந்திருந்து மாதங்கள் கழித்தும் திரும்ப வரும். ஆகவே காய்ச்சல் விட்டதும் குளிசையை நிறுத்தாமல், வைத்தியர் சொன்ன நாட்கள் முழுவதும் விழுங்க வேண்டும். பயணம் போகுமுன் மலேரியா தடை இயக்கத்தின் பிராந்திய அலுவலகத்தில் தடுப்பு மருந்தை இலவசமாகப் பெறலாம். புறப்படும் நாளில் ஓடிப்போகாமல் முன்கூட்டியே கேளுங்கள். சில குளிசைகளைப் பயணத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே தொடங்க வேண்டியிருக்கும்.