வால்வு சிடி பிளேயர் வாங்கும் முன்

● இவ்வகைக் கருவியிலும் வட்டைப் படிப்பது லேசர்தான். எண்களாகப் பதிவான இசையை மின்னலையாக மாற்றும் ‘டாக்’ என்னும் சில்லுக்குப் பின்னர், அந்த அலையை ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பகுதியிலேயே வால்வு, அதாவது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய், பொதுவாக இடம்பெறுகிறது என்பதால், லேசருக்கு உதிரிபாகம் கிடைக்குமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

● 12ஏயூ7, 6922 போன்று இன்றும் தயாராகும் வால்வுகள் கொண்ட கருவியெனில், அவை தேய்ந்த பின் மாற்றுவது எளிது.

● வெளியீட்டு மின்னழுத்தம் வழக்கமான 2 வோல்ட்டைவிட மிகுந்திருந்தால், ஒலிக்குமிழைச் சற்றே திருப்பியதும் ஓசை உரத்துவிடுமாதலால், கையேட்டில் அதைச் சரிபார்த்தல் நலம்.

● வால்வு சூடாகுமாதலால், கருவியின் மேற்புறம் காற்றோட்டம் வேண்டும். இணைப்பைத் துண்டித்த பின்னும் உள்ளே மின்னூட்டம் தங்கக்கூடுமாதலால், மூடியைத் திறக்கும் பணியைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படைக்க வேண்டும்.