பழுது பார்ப்பவரையும் எண்ணிய வடிவமைப்பு: இந்தியா மார்க் கைப்பம்பு

தொழில் வடிவமைப்பு என்றவுடன் நாற்காலியும் கைக்கடிகாரமும் மோட்டார் வாகனமுமே பலருடைய நினைவுக்கு வருகின்றன. 1979 ஜனவரியில் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்புக் கழகத்தில் ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி அமைப்பும் தொழில் வடிவமைப்புச் சங்கங்களின் பன்னாட்டு மன்றமும் கூடி வெளியிட்ட பிரகடனம் இக்கருத்தை மாற்ற முயன்றது. வளரும் நாடுகளில் வடிவமைப்பு என்பது அலங்காரமன்று. மக்களின் அடிப்படைத் தேவைகளை நிறைவேற்றும் கருவி என்பதே அதன் சாரம். அதே ஆண்டில்தான் இந்தியத் தர நிர்ணய நிறுவனம் ஆழ்துளைக் கிணற்றுக் கைப்பம்பு ஒன்றுக்குத் தர அளவைகளை வகுத்தது. பிரகடனம் கூறியதை அந்தப் பம்பு முன்னரே செய்யத் தொடங்கியிருந்தது.

1966-67ஆம் ஆண்டுகளில் பீகாரிலும் பிற மாநிலங்களிலும் கடும் வறட்சி நேர்ந்தது. அதையொட்டிக் கடும்பாறைப் பகுதிகளில் துளையிடும் எந்திரங்களின் துணையோடு ஆழ்துளைக் கிணறுகள் விரைந்து தோண்டப்பட்டன. கிணறு சரியாக அமைந்தது. அதன் மேல் பொருத்தப்பட்ட வார்ப்பிரும்புப் பம்புதான் நிலைக்கவில்லை. மேலைநாட்டுப் பண்ணை வீட்டில் ஒரே குடும்பம் நாளொன்றுக்குச் சில முறை அடிப்பதற்கென உருவான பம்பு அது. இந்தியச் சிற்றூரிலோ விடியற்காலை முதல் இரவு வரை அதன் கைப்பிடி ஓய்வதில்லை. முளைகள் தேய்ந்தன, கைப்பிடிகள் முறிந்தன. முதலீட்டின் பெரும்பகுதி மண்ணுக்கடியில் உள்ள துளையில் இருக்க, மேலே ஒரு சிறு உறுப்பின் தேய்வால் முழு முதலீடும் பயனற்றுப் போயிற்று. பெண்கள் மீண்டும் பழைய குட்டைக்கே குடமெடுத்துச் சென்றனர்.

பட்டறையில் பிறந்த தீர்வு

இதற்கான விடை பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் தோன்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. மகாராஷ்டிரத்தில் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் கிராமங்களுக்குக் குடிநீர் வழங்கும் பணியில் ஈடுபட்டிருந்த தொண்டு நிறுவனங்களின் பட்டறைகளில், உடைந்த பம்புகளைக் கண்டு சலித்தவர்கள் வார்ப்பிரும்பைக் கைவிட்டு எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துப் புதிய பம்புகளைச் செய்து பார்த்தனர். சோலாப்பூர்ப் பம்பை அடிப்படையாகக் கொண்டு, யுனிசெப் அமைப்பும் மத்திய அரசும் சென்னையிலிருந்த அரசுத்துறைத் தொழிற்சாலையும் எந்திரவியல் ஆராய்ச்சி நிலையமும் இணைந்து 1970களின் நடுவில் மார்க் இரண்டு பம்பை உருவாக்கின. நிலத்தடி நீர் ஆழத்தில் கிடக்கும் கோயம்புத்தூர்ப் பகுதியில், பொதுமக்கள் நாள்தோறும் பயன்படுத்தும் கிணறுகளில் அது சோதிக்கப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் பம்பை அடிப்பவர் ஒரே சீராக அடிப்பார். ஊரில் அடிக்கும் சிறுவன் கைப்பிடியில் தொங்குவான். அந்தத் தொங்கலையும் தாங்கும் பம்பே தேவைப்பட்டது.

அதன் அமைப்பைச் சற்று நோக்குவோம். கைப்பிடியின் முனையில் வளைந்த தகடொன்று உண்டு. அதன் மீது படியும் சங்கிலியில் பம்பின் தண்டு தொங்குகிறது. ஆகவே கைப்பிடி வளைவாக அசைந்தாலும் தண்டு நேர்க்கோட்டிலேயே ஏறி இறங்குகிறது. பக்கவாட்டு உராய்வு இல்லை. கைப்பிடி கெட்டியான எஃகுக் கம்பியால் ஆனது. அதன் எடை, கிணற்றுக்குள் தொங்கும் தண்டின் எடையை ஓரளவு ஈடுசெய்வதால் பெண்களும் சிறுவர்களும் ஆழத்து நீரை இறைக்க முடிகிறது. கைப்பிடி சுழலுமிடத்தில் மூடிய பால் பேரிங்குகள் இருப்பதால் அடிக்கடி எண்ணெயிட வேண்டுவதில்லை. பம்பின் பீடம் கிணற்றுக் குழாயின் மீது நில்லாமல் கான்கிரீட்டில் தனியே ஊன்றப்படுகிறது. இதனால் அதிர்வு குழாயைத் தாக்குவதில்லை. மேற்பரப்பின் கழிவுநீர் கிணற்றில் இறங்கும் வழியும் அடைபடுகிறது. தண்டு தன் எடையாலேயே கீழிறங்க வேண்டியிருப்பதால், ஆழம் மிகக் குறைந்த கிணறுகளுக்கு இப்பம்பு ஏற்றதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்குக் காப்புரிமை எதுவும் பெறப்படவில்லை. தர அளவைகளுக்கு உட்பட்டு எந்தத் தொழிற்சாலையும் இதனைச் செய்யலாம். ஓரிடத்தில் செய்த உறுப்பு மற்றோரிடத்தில் செய்த பம்புக்குப் பொருந்தும். பொருளாதார நோக்கில் இம்முடிவு எந்திர நுட்பத்துக்குச் சற்றும் குறைந்ததன்று எனலாம். போட்டியினால் விலை கட்டுக்குள் நின்றது. உதிரி உறுப்புக்கு ஒரே விற்பனையாளரை நாடி நிற்கும் நிலையும் நீங்கியது.

பழுதின் மறுபக்கம்

மார்க் இரண்டு பம்பு அரிதாகவே பழுதாயிற்று. ஆயினும் பழுதானபோது நெடுநாள் கிடந்தது. தமிழ்நாட்டில் உருவான மூன்றடுக்குப் பராமரிப்பு முறையில் ஊரில் ஒரு காப்பாளர், வட்டாரத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் வாகனத்துடன் ஒரு குழு என்று பொறுப்பு பகிரப்பட்டது. காப்பாளரால் திருகாணியை முடுக்க முடியும்; நிலத்தடியில் உள்ள பிஸ்டனின் தோல் வாசர் தேய்ந்தால் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. நீரை மேலே கொணரும் குழாயின் உள்விட்டம் பிஸ்டன் இயங்கும் உருளையினதைவிடச் சிறியது. எனவே ஒரு சிறிய வாசரை மாற்றுவதற்கு முழுக் குழாய் வரிசையையும் கழற்றி மேலே தூக்க வேண்டியிருந்தது. அதற்குப் பலர் வேண்டும், முக்காலி வேண்டும், வாகனமும் டீசலும் வேண்டும். வாகனம் வரும் நாளை ஊர் எதிர்பார்த்துக் கிடந்தது.

1983 முதல் 1988 வரை கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டமும் உலக வங்கியும் பங்குகொண்ட கைப்பம்புத் திட்டத்தின்கீழ் நடைபெற்ற கள ஆய்வு இவ்விடத்தையே கூர்ந்து நோக்கியது. எது உடைகிறது என்று மட்டும் பாராது, அதைச் சரிசெய்ய எத்தனை கைகளும் எத்தனை மணி நேரமும் தேவை என்றும் ஆராயப்பட்டது. தோல் வாசருக்கு மாற்றாக நைட்ரைல் ரப்பர் வாசர் வந்தது. அது நீடித்து உழைத்தது. குழாயின் உள்விட்டம் 65 மில்லிமீட்டராக அகற்றப்பட்டது. இனிக் குழாயைத் தொடாமலே தண்டையும் பிஸ்டனையும் அடி வால்வையும் மேலே இழுத்துவிடலாம். இதுவே மார்க் மூன்று.

அகன்ற குழாய் கனமானது, விலையும் கூடுதல். நிறுவப்பட்டுவிட்ட மார்க் இரண்டு பம்புகளை மாற்ற வேண்டுமாயின் குழாய்கள் அனைத்தையும் மாற்ற வேண்டும். ஆதலால் பல மாநிலங்களில் பழையதே தொடர்ந்தது. நீரில் அமிலத்தன்மை மிகுந்த இடங்களில் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் அரிக்கப்படுவதை இரு வகைகளும் தடுக்கவில்லை. பராமரிப்புச் செலவு அரசுக் கணக்கில் ஆண்டுதோறும் தனியே தெரியும். நீரின்றிப் பெண்கள் நடக்கும் மணிகள் எந்தக் கணக்கிலும் தெரியா. முதலீட்டு விலையை மட்டும் ஒப்பிடும் ஒப்பந்தப்புள்ளி முறையில் மார்க் மூன்று தோற்றதில் வியப்பில்லை.

இந்நிலையிலும் கிராம மக்களிடம் கருவிகளை ஒப்படைத்த முயற்சிகள் உண்டு. ராஜஸ்தானில் திலோனியாவிலும், 1990களில் உத்தரப்பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் மகிளா சமாக்யா திட்டத்தின் வாயிலாகவும் கைப்பம்பு மெக்கானிக் பயிற்சி அளிக்கப்பட்டது. பாந்தாவில் பயின்றவர்கள் எழுத்தறிவு வாய்க்காத தலித், பழங்குடிப் பெண்கள். கனத்த குழாய்களை அவர்கள் கூட்டாகத் தூக்கினர். அவர்கள் தொட்ட நீரை ஏற்க மறுத்தவர்களும் அவர்கள் பழுதுபார்த்த பம்பிலிருந்து நீர் எடுத்தனர்.

2019இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் வீடுதோறும் குழாய் நீர் வழங்கப்பட்டு வருகிறது. எனினும் மின்சாரம் தடைப்படும் நாளில் கைப்பம்பே துணை. மகாராஷ்டிரத்தில் உருவான இரட்டைப் பம்பு முறையில், ஒரே துளையில் கைப்பம்பும் கதிரவன் ஆற்றலால் இயங்கும் நீர்மூழ்கி மோட்டாரும் பொருத்தப்படுகின்றன. மோட்டார் ஓயும்போது கை இறைக்கலாம். ஆனால் அந்த மோட்டார் பழுதானால் அதனைக் கழற்றிச் சீர்செய்யும் ஆற்றல் ஊர்க் காப்பாளரிடம் இல்லை. கோயம்புத்தூரில் கேட்கப்பட்ட கேள்வியை அதனிடமும் கேட்க வேண்டியுள்ளது.