மருந்தடிக்கும் முன் மரத்தைப் பார்ப்போம்

"டீச்சர், அப்பா திராட்சைக்கு அடிக்கிற மருந்து. கொஞ்சம் கொண்டாந்திருக்கேன். நம்ம பப்பாளிக்கு அடிச்சிரலாமா?"

எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். உள்ளே பால் நிறத்தில் கரைசல் இருந்தது. மதிய உணவுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். பாட்டிலை வாங்கிப் பூட்டி வைத்து, அவருடைய தந்தையை வரவழைத்து ஒப்படைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

மாணவர் மீது தவறில்லை. சின்னமனூர்ப் பகுதியில் நெல்லும் வாழையும் திராட்சையும் பார்த்து வளரும் பிள்ளைகள் இவர்கள். பூச்சிக்கொல்லியை நாம் எல்லோருமே 'மருந்து' என்றுதான் சொல்கிறோம். மருந்து என்றால் நோயைத் தீர்க்கும் என்றுதானே குழந்தை நினைக்கும்? அவர் கேட்ட கேள்விக்குத் தோட்டத்திலேயே விடை தேடினோம்.

செயல்பாடு 1: உற்றுநோக்கல்

எங்கள் பள்ளித் தோட்டத்தில் இரண்டு பப்பாளி மரங்கள். அருகே செம்பருத்தி வேலி. மாணவர்களைக் குழுக்களாகப் பிரித்து, கைலென்சு கொடுத்து, எதையும் தொடாமல் பார்த்து எழுதச் சொன்னேன். அவர்கள் எழுதியவை:

• இலையின் அடியிலும் காயிலும் வெள்ளை மாவு போன்ற பூச்சிகள்.
• கீழ் இலைகளில் பிசுபிசுப்பு. அதன்மேல் கரி பூசியதுபோல் கறுப்பு.
• மரத்தில் எறும்புகள் ஏறி இறங்குகின்றன.
• செம்பருத்தி வேலியிலும் அதே வெள்ளை.

கடைசி இரண்டு குறிப்புகளும் நான் கவனிக்காதவை. மாவுப்பூச்சி சாற்றை உறிஞ்சி, இனிப்பான கழிவை வெளியேற்றுகிறது. அதில் கரும்பூசணம் வளர்கிறது. அந்த இனிப்புக்காக எறும்புகள் மாவுப்பூச்சியைப் பாதுகாக்கின்றன. வேலியில் பூச்சி இருக்கும்வரை மரத்தை மட்டும் சுத்தம் செய்து பயனில்லை.

2008இல் வந்த பூச்சி

பப்பாளி மாவுப்பூச்சி மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. இந்தியாவில் 2008இல் கோயம்புத்தூரில் முதலில் கண்டறியப்பட்டது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி எனப் பல பயிர்களைப் பாழாக்கியது. செம்பருத்தியிலும் பார்த்தீனியத்திலும்கூட வாழ்ந்தது. உடலை மூடியுள்ள மெழுகுப் பூச்சால் தெளித்த மருந்து எளிதில் உள்ளே இறங்கவில்லை. அதன் தாயகத்தில் அதைக் கட்டுப்படுத்தி வந்த இயற்கை எதிரிகளும் இங்கே இல்லை.

2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி விவசாயிகளுக்கு வழங்கியது. அவற்றுள் சிறப்பாகச் செயல்பட்டது 'அசிரோபேகஸ் பப்பாயே'. கடுகைவிடச் சிறியது, மனிதரைக் கொட்டாது. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். குஞ்சு அதை உள்ளிருந்தே தின்று வளரும். பெரும் சேதம் சில மாதங்களிலேயே கட்டுக்குள் வந்தது.

இதைச் சொன்னதும் அந்த மாணவரே கேட்டார்: "அப்ப நான் கொண்டாந்தத அடிச்சிருந்தா குளவியும் செத்திருக்குமா டீச்சர்?" அன்றைய பாடத்தின் சாரமே அந்தக் கேள்விதான்.

செயல்பாடு 2: பாட்டில் சோதனை

பூச்சி தாக்கிய இலைத் துண்டைக் கண்ணாடிப் பாட்டிலில் இட்டு, வாயை மெல்லிய துணியால் இறுகக் கட்டி வைத்தோம். சில நாள்களில் துணியின் அடியில் மிகச்சிறிய குளவிகள் தெரிந்தன. அவை எந்த இனம் என்று லென்சால் சொல்ல முடியாது. ஆனால், உதவிக்கு யாரோ ஏற்கெனவே வந்திருக்கிறார்கள் என்பதை மாணவர்கள் கண்ணால் கண்டார்கள்.

நாங்கள் செய்தவை

1. அதிகம் தாக்கப்பட்ட இலைகளையும் செம்பருத்திக் கிளைகளையும் வெட்டி, சோப்பு நீரில் அமிழ்த்தினோம்.
2. வேலியோரப் பார்த்தீனியத்தைப் பெரியவர்கள் கையுறையுடன் அகற்றினர். ஒவ்வாமை தரும் செடி என்பதால் மாணவர்களை ஈடுபடுத்தவில்லை.
3. மரத்தடி எறும்புப் புற்றைக் கலைத்தோம்.
4. தண்ணீரைப் பீய்ச்சி மரத்தைக் கழுவினோம்.
5. பூச்சி மிகுந்த இடத்தில் மட்டும் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தோம். இடித்த பருப்பு 50 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்க்க வேண்டும்.

ஒரு மரம் துளிர்த்தது. மற்றொன்றைக் காப்பாற்ற முடியவில்லை. அதையும் மாணவர்கள் தோட்டப் பதிவேட்டில் எழுதினார்கள்.

ஆசிரியர் கவனத்திற்கு

பூச்சிக்கொல்லிப் புட்டியில் உள்ள நிறக் குறியைக் கரும்பலகையில் வரைந்து விளக்குங்கள்: சிவப்பு மிகக் கொடிய நஞ்சு, அடுத்தடுத்து மஞ்சள், நீலம், பச்சை. காலிப் புட்டியைக்கூடக் கொண்டுவரச் சொல்ல வேண்டாம். குடிநீர்ப் பாட்டிலில் பூச்சிக்கொல்லியை ஊற்றி வைக்கக் கூடாது என்பதைப் பெற்றோர் கூட்டத்திலும் பேசுங்கள்.

இதே அணுகுமுறை மற்ற செடிகளுக்கும் பொருந்தும். எலுமிச்சை இலையில் பறவை எச்சம்போல் ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழுவாக இருக்கலாம். பூத்தும் காய்க்காத பப்பாளி நோயுற்ற மரமல்ல, ஆண் மரமாக இருக்கலாம். பார்க்காமல் அடித்தாலோ வெட்டினாலோ இவை தெரியாமலே போகும்.

இப்போது எங்கள் மாணவர்கள் 'மருந்து' என்று சொல்வதில்லை, 'பூச்சிக்கொல்லி' என்கிறார்கள். அந்தத் தந்தையும் தோட்டத்தில் மீதமானதை வீட்டுக்குக் கொண்டுவருவதை நிறுத்திவிட்டதாக மகன் சொன்னார்.