தண்ணீர் ஊற்ற அவசரப்படாதே, தங்கச்சி!

"அக்கா, நீ சொன்ன இத்தாலியன் சாசேஜ் சூப் வச்சேன். வெந்நீர்ல கறியைப் போட்ட மாதிரி இருக்கு. பிள்ளை ஒரு வாய் குடிச்சிட்டு தள்ளிட்டான்" என்று போன வாரம் போனில் சொன்னாய். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: "சாசேஜை எவ்வளவு நேரம் வறுத்தே?" "அதை வறுக்கணுமா?" என்றாய். விஷயமே அங்கேதான் இருக்கிறது.

நான் நியூஜெர்சிக்கு வந்து பதினான்கு குளிர்காலம் ஆகிவிட்டது. முதல் பனி விழும் வாரத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் இந்த சூப் ஏறாத வருஷம் கிடையாது. ஒரே பாத்திரம், ஒரு மணி நேரம், ஆறு பேருக்கு வயிறு நிறையும், மறுநாள் மதியத்துக்கும் மிஞ்சும். வேலைக்கும் போய்ப் பிள்ளைகளையும் பார்க்கிற வீட்டுக்கு இதைவிட ஒத்தாசையான சமையல் எனக்குத் தெரிந்து இல்லை. உன்னைப் போலப் புதிதாக இங்கே குடித்தனம் வந்திருக்கிற தங்கச்சிகளுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

கடையில் எதை எடுப்பது என்பதிலிருந்து தொடங்குவோம். இத்தாலியன் சாசேஜ் என்ற பெயர் அமெரிக்காவில் பிறந்த பெயர். 1880-களிலிருந்து 1920-களின் தொடக்கம் வரை நாற்பது லட்சத்துக்கும் அதிகமான இத்தாலியர்கள் இந்த நாட்டுக்கு வந்தார்கள். பெரும்பாலோர் தெற்கு இத்தாலிக்காரர்கள். அவர்கள் தங்கள் ஊரில் செய்த பன்றிக்கறி சாசேஜ்தான் இங்கே இந்தப் பெயரில் நிலைத்தது. இத்தாலியிலே போய்க் கேட்டால் அதற்கு சல்சிச்சா என்று பெயர், ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு பக்குவம். அமெரிக்காவில் இந்தப் பெயரை ஒட்டி விற்க வேண்டுமானால் உப்பு, மிளகு, அதோடு சோம்போ அதற்கு நெருங்கின அனிஸ் விதையோ கட்டாயம் இருக்க வேண்டும், கொழுப்பு 35 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று அரசாங்க விதியே உண்டு. ஆமாம், நாம் கறிக்குழம்புக்கு அரைக்கிற அதே சோம்பு. முதல் தடவை இதை வறுத்தபோது அடுப்படியில் எழுந்த வாசனை எனக்கு அம்மாவின் ஞாயிற்றுக்கிழமையை நினைவுபடுத்தியது. உனக்கும் நினைவுபடுத்தும்.

பாக்கெட்டில் 'ஸ்வீட்' என்று போட்டிருந்தால் இனிப்பு என்று நினைத்து வைத்துவிடாதே. காரமில்லாதது என்பதுதான் பொருள். 'மைல்ட்' என்றாலும் கிட்டத்தட்ட அதுதான். 'ஹாட்' என்பதில் மிளகாய் இருக்கும். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஸ்வீட் வாங்கு. காரம் வேண்டியவர்கள் தங்கள் கிண்ணத்தில் சில்லி ஃப்ளேக்ஸ் தூவிக்கொள்ளட்டும். இன்னொன்று, பச்சைக் கறியாக இருக்கிற சாசேஜைத்தான் எடுக்க வேண்டும். புகை போட்டதும் ஏற்கெனவே வேகவைத்ததும் பக்கத்திலேயே அடுக்கியிருப்பார்கள், அவற்றில் இந்த சூப்புக்கு வேண்டிய சாறு இறங்காது. பக்கத்தில் இத்தாலியர் நடத்தும் கறிக்கடை இருந்தால் அங்கேயே வாங்கிவிடு. அன்றைக்குப் போட்ட சாசேஜின் ருசியே தனி.

பன்றிக்கறி சாப்பிடாத வீடாக இருந்தால் சிக்கன் சாசேஜ், டர்க்கி சாசேஜ் இருக்கிறது. ஆனால் லேபிளைக் கடைசி வரி வரை படி. உள்ளே கோழியை வைத்து மேலுறையைப் பன்றிக் குடலில் செய்கிற கம்பெனிகள் உண்டு. அந்தக் கவலையே வேண்டாம் என்றால் நீயே பிசைந்துவிடலாம். கொத்திய கோழித் தொடைக்கறி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, ஒன்றரை டீஸ்பூன் சோம்பை லேசாக வறுத்து ஒன்றிரண்டாகப் பொடித்தது, தட்டிய பூண்டு மூன்று பல், மிளகுத்தூள் முக்கால் டீஸ்பூன், உப்பு ஒரு டீஸ்பூன், ஆரிகானோ அரை டீஸ்பூன், ஆலிவ் எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். பிசைந்து ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் வை, முந்தின ராத்திரியே வைத்தால் இன்னும் நல்லது.

ஆறு பேருக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். சாசேஜ் ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம். பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, செலரித் தண்டு இரண்டு, பூண்டு ஐந்து பல். தக்காளி பேஸ்ட் இரண்டு டேபிள்ஸ்பூன், நறுக்கின தக்காளி டின் ஒன்று. நடுத்தர உருளைக்கிழங்கு இரண்டு, கனெலினி என்கிற வெள்ளை பீன்ஸ் டின் ஒன்று, கேல் கீரை அரைக் கட்டு. உப்பு குறைத்த சிக்கன் பிராத் ஆறு கப். ஆரிகானோ ஒரு டீஸ்பூன், பே இலை ஒன்று. இந்தியன் ஸ்டோரில் வாங்கின பிரிஞ்சி இலையைப் போடாதே. அது வேறு மரத்து இலை, பட்டை வாசனை அடிக்கும்.

சாசேஜைக் குழாயடியில் கழுவக் கூடாது. கழுவினால் கிருமி தொட்டி முழுக்கத் தெறிப்பதுதான் மிச்சம். கத்தி நுனியால் உறையை நீளவாக்கில் கீறி, மொச்சைத் தோலை உரிக்கிற மாதிரி உரித்துவிட்டுக் கறியை நெல்லிக்காய் அளவுக்குப் பிய்த்துப் போடு. கையையும் பலகையையும் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடு.

இனி நான் சொல்வதை நிதானமாகக் கேள். இந்த சூப்பின் ருசி தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அதற்கு அப்புறம் எதைத் தூவினாலும் ஈடு கட்ட முடியாது.

அடி கனமான பாத்திரத்தை மிதமான தீயில் வைத்து, எண்ணெய் ஒரு டீஸ்பூன் மட்டும் விடு. சாசேஜிலேயே கொழுப்பு போதுமானது இருக்கிறது. கறித்துண்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பு. இடம் போதாவிட்டால் இரண்டு தடவையாகப் போடு. குவித்துப் போட்டால் கறி தன் தண்ணீரிலேயே வெந்துவிடும், வறுபடாது. போட்டபின் மூன்று நாலு நிமிஷம் கரண்டியைத் தொடாதே. காதைக் கொடுத்துக் கேள். முதலில் தண்ணீர் வற்றுகிற தளதள சத்தம் வரும். அது அடங்கிச் சடசடவென்று பொரிகிற சத்தமாக மாறும்போதுதான் கறியின் அடிப்பக்கம் சிவக்கத் தொடங்குகிறது. வறுத்த வேர்க்கடலைத் தோலின் நிறம் வந்ததும் திருப்பு. மொத்தம் எட்டிலிருந்து பத்து நிமிஷம் ஆகும். கறியை எடுத்துத் தனியே வைத்துவிட்டு, பாத்திரத்தில் ஒரு டேபிள்ஸ்பூன் கொழுப்பு இருக்கும்படி மீதியைக் காலி டின்னில் வடித்துவிடு. ஸிங்க்கில் ஊற்றாதே, ஆறினதும் கட்டியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

இப்போது பாத்திரத்தின் அடியைப் பார். பழுப்பாக ஒட்டிப்பிடித்திருக்கிறது இல்லையா? சூப்பின் ருசி அதுதான். அடிப்பிடித்துவிட்டதே என்று தேய்க்கப் போட்டுவிடாதே. பொடியாக நறுக்கின வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் ஒரு சிட்டிகை உப்போடு அதிலேயே போடு. வெங்காயம் விடுகிற தண்ணீரில் அந்தப் பழுப்பு இளகும். தட்டையான மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வதக்கிக்கொண்டே இரு. எட்டு நிமிஷத்தில் வெங்காயமே அந்த நிறத்தை வாங்கிக்கொள்ளும். பூண்டை மெல்லிசாகச் சீவிப் போட்டு ஒரு நிமிஷம். தக்காளி பேஸ்ட்டைச் சேர்த்து, பளீர்ச் சிவப்பு போய்ச் செங்கல் நிறம் வரும்வரை இரண்டு நிமிஷம் வதக்கு. அப்புறம் ஒரு கரண்டி பிராத் மட்டும் ஊற்றி, அடியில் ஒரு புள்ளி இல்லாமல் சுரண்டிக் கரைத்துவிடு.

கறிக்குழம்புக்கு அம்மா வெங்காயம் வதக்குவதை நீ பார்த்திருக்கிறாய். எண்ணெய் பிரிகிறவரை யார் என்ன கேட்டாலும் அடுப்பை விட்டு நகர மாட்டாள். அதே பொறுமைதான் இதற்கும். உன் கைக்கு இது ஏற்கெனவே தெரியும். சூப் என்ற பெயரைக் கேட்டதும் இங்கிலீஷ் சமையல் என்று நினைத்துத் தண்ணீரில் ஆரம்பித்துவிட்டாய், அவ்வளவுதான். ஒன்று மட்டும் கவனி. ஒட்டினது பழுப்பாக இல்லாமல் கறுத்துப்போனால் கசக்கும். அப்போது பாத்திரத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி வதக்கத் தொடங்குவதே மேல்.

அடுத்து மீதி பிராத், உருளைக்கிழங்கு, ஆரிகானோ, பே இலை, வறுத்த கறி எல்லாம் போகட்டும். பார்மசான் சீஸின் ஓரத்து மேல்தோல் இருந்தால் அதையும் ஒரு துண்டு போடு. பலர் மெழுகு என்று நினைத்துத் தூக்கி எறிகிறார்கள். அது காய்ந்து இறுகின சீஸ்தான். கொதிக்கக் கொதிக்க சூப்புக்கு ஒரு கனம் கொடுக்கும், கடைசியில் எடுத்துவிடலாம். எங்கள் வீட்டில் அந்தத் தோல்களை ஒரு பையில் சேர்த்து ஃப்ரீஸரில் வைத்திருப்போம்.

தக்காளி டின்னை இப்போதே திறந்துவிடாதே. புளிப்பு சேர்ந்தால் உருளைக்கிழங்கு வேக மறுக்கும். பருப்பு வேகும் முன்னால் புளி ஊற்ற மாட்டோமே, அதே கணக்கு. பன்னிரண்டு நிமிஷம் கழித்து, கிழங்கில் கத்தி இறங்கியதும் தக்காளியும் வடித்துக் கழுவின பீன்ஸும் சேர். பீன்ஸில் ஒரு கரண்டியை மட்டும் மசித்துப் போட்டால் சோளமாவு இல்லாமலே சூப் கெட்டிப்படும். காய்ந்த பீன்ஸ் வாங்கினால் ராத்திரி முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே எதிலும் போட வேண்டும். ஊறின பீன்ஸை அப்படியே ஸ்லோ குக்கரில் போட்டுவிட்டு வேலைக்குப் போவது ஆபத்து. அந்தச் சூட்டில் பீன்ஸில் இருக்கிற நச்சுப்பொருள் முறியாது, வயிற்றைப் புரட்டி வாந்தியில் கொண்டுபோய்விடும். சிவப்பு ராஜ்மாவில் இது இன்னும் அதிகம். டின் பீன்ஸுக்கு இந்தப் பயம் இல்லை.

கேல் கீரையின் நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு இலையை மட்டும் கிள்ளிப் போடு, ஆறேழு நிமிஷம் வேகட்டும். சுருட்டை இலையைவிட நீளமான கரும்பச்சை இலை எனக்குப் பிடிக்கும். இத்தாலியின் டஸ்கனி வட்டாரத்தில் ஏழைகள் பீன்ஸோடும் காய்ந்த ரொட்டியோடும் சூப் வைத்துச் சாப்பிட்ட கீரை அது. அங்கே ரிபொல்லீட்டா என்று ஒன்று உண்டு, 'மறுபடி கொதித்தது' என்று அர்த்தம். முந்தின நாள் சூப்பை மறுநாள் சூடாக்கிச் சாப்பிட்ட பழக்கத்தில் வந்த பெயர். பிள்ளை கேலைத் துப்பினால் பாலக் போடு, ஒரு நிமிஷம் போதும்.

ஆலிவ் கார்டன் ஓட்டலில் வெள்ளையாகத் தருகிறார்களே, அந்த மாதிரி வேண்டுமா என்று கேட்டாய். அதற்குத் தக்காளியை அறவே விட்டுவிட்டு, தீயைக் குறைத்துக் கடைசியில் அரைக் கப் ஹெவி க்ரீம் ஊற்ற வேண்டும். தக்காளி போட்ட சூப்பில் பாலை ஊற்றினால் திரிந்துவிடும். என்னைக் கேட்டால் தக்காளி சூப்தான் வீட்டுக்கு ஏற்றது, தினம் சாப்பிட்டாலும் திகட்டாது.

வதக்கும்போது போட்ட சிட்டிகை போக, உப்பைக் கடைசியில்தான் போட வேண்டும். சாசேஜில் உப்பு, பிராத்தில் உப்பு, சீஸில் உப்பு. எல்லாம் இறங்கின பிறகு ருசி பார்த்தால் பாதி நாள் உப்பே தேவைப்படாது. ஏதோ குறைகிறதே என்று தோன்றினால் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழி. கரம் மசாலாவும் இஞ்சியும் மட்டும் தயவுசெய்து வேண்டாம். பட்டை, கிராம்பு வந்தால் சோம்பின் வாசனை பின்னால் போய்விடும்.

குட்டிக் குழாய் மாதிரி இருக்கும் டிட்டலினி பாஸ்தா பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். அதைத் தனியாக வேகவைத்துக் கிண்ணத்தில் போட்டு மேலே சூப்பை ஊற்றிக் கொடு. பாத்திரத்திலேயே கலந்தால் விடிவதற்குள் சூப்பை எல்லாம் குடித்துவிட்டுக் குழைந்த பொங்கலாக நிற்கும்.

சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள், அகலமான டப்பாக்களில் பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடு. பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுவில் சூடு ஆற நேரமாகும். மூன்று நாலு நாள் தாங்கும். ஃப்ரீஸருக்குப் போவதானால் உருளைக்கிழங்கு போடுவதற்கு முன்பே ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவிட்டு வை. உறைந்து இளகின கிழங்கு மணல் மணலாகிவிடும். பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிடும் நாளில் ஃபிளாஸ்க்கில் முதலில் கொதிக்கிற வெந்நீரை ஊற்றிப் பத்து நிமிஷம் மூடி வை. அப்புறம் அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க சூப்பை ஊற்றிக் கொடு. மதியம் வரைக்கும் சூடு நிற்கும்.

இந்தச் சனிக்கிழமை மறுபடி வை. கறி வறுபட்டு முடிந்ததும், தண்ணீர் ஊற்றாமல், எனக்கு ஒரு வீடியோ கால் போடு. பாத்திரத்தின் அடியைக் காட்டு. நிறத்தைப் பார்த்துச் சொல்கிறேன், அதற்கப்புறம் பிராத்தைத் திற.