பொது மாறியும் பொறுப்புள்ள உரையும்

கணினிக்கு ஒரு கட்டளையை எழுத்தால் இடுங்கால், கட்டளைப் பெயரின் பின்னே சிறு கோடிட்டுச் சில குறிகளைச் சேர்ப்பது வழக்கு. அவை தெரிவுகள் எனப்படும். சில தெரிவுகள் தமக்குப் பின் ஒரு கோப்பின் பெயரையோ எண்ணையோ வேண்டி நிற்கும். இவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துச் செய்நிரலுக்கு உணர்த்துவது ‘கெட்ஒப்ட்’ என்னும் சார்பு. 1985ஆம் ஆண்டு டல்லாஸ் நகரில் நடைபெற்ற யுனிஃபோரம் மாநாட்டில், ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனம் இதன் மூலநிரலை யாவர்க்கும் உரியதாக வழங்கிற்று. யுனிக்ஸ் மரபில் வந்த கணினிகளில் இஃது இன்றும் பெருவழக்காயுள்ளது.

இச்சார்பு தான் கண்டதைப் பொது மாறிகளில் எழுதி வைக்கும். தெரிவுக்குரிய பெயர் இருக்குமிடத்தை ‘ஒப்ட்ஆர்க்’ என்னும் மாறி காட்டும். அடுத்து நோக்க வேண்டிய சொல்லின் வரிசையெண்ணை ‘ஒப்ட்இன்ட்’ தாங்கும். ஒரு செய்நிரல் ஒரு வேலைத்தொடராக மட்டும் நடந்த காலத்தில் இதனால் இடர் விளையவில்லை. பின்னர், ஒரே செய்நிரலுள் பல வேலைத்தொடர்கள் ஒருங்கு நடக்கும் முறை பரவிற்று. அத்தொடர் ஒவ்வொன்றும் இழை எனப்படும். இழைகளுக்கான போசிக்ஸ் நியமம் 1995இல் வெளிவந்தது. கெட்ஒப்ட் அதற்கு முந்தியது என்பதை நினைவிற் கொள்க.

ஒரு வகுப்பறையில் ஒரே கரும்பலகை இருக்க, ஆசிரியர் இருவர் ஒரே வேளையில் அதில் எழுதினால் என்னாகும்? ஒருவர் எழுதியதை மற்றவர் அழிப்பார். மாணவர் பிழைபட எழுதிக்கொள்வர். இங்கும் அவ்வாறே. முதல் இழை, அழிக்க வேண்டிய கோப்பின் பெயரை ஒப்ட்ஆர்க்கிற் பெற்றது எனக் கொள்வோம். அதனை அது வாசிக்குமுன், இரண்டாம் இழை காக்க வேண்டிய கோப்பின் பெயரை அதே மாறியில் இடுகின்றது. முதல் இழை அழிப்பது காக்க வேண்டிய கோப்பையே! கணினியோ யாதொரு பிழைச்செய்தியும் தராது. நூறு முறை சோதித்தும் வெளிப்படாது, நூற்றோராம் முறை வெளிப்படுதலும் கூடும். சோதனையால் உறுதியாக அறிய இயலாத குறையை உரையினாலன்றி வேறெதனால் உணர்த்துவது?

இதனை இரு நூல்கள் இருவகையாகக் கூறுகின்றன. 2008ஆம் ஆண்டின் போசிக்ஸ் நியமம், இச்சார்பு இழைப் பாதுகாப்புடையதாயிருத்தல் வேண்டுவதன்று என்கின்றது. குனூ சீ நூலகத்தின் கையேடு, அது பாதுகாப்பற்றது என்றே கூறுகின்றது. இவ்விரண்டும் ஒரு பொருளன அல்ல. முன்னது எல்லா ஆக்கங்களையும் நோக்கியது. உறுதி தர மறுப்பதன்றிக் குறை உண்டென்று கூறவில்லை. பின்னது ஓர் ஆக்கத்தின் உண்மை நிலையை உரைப்பது. தமிழ் பயில்வார் வினைமுற்றின் வேறுபாட்டை நுணுகி நோக்குவது போலச் செய்நிரல் எழுதுவாரும் இதனை நோக்குதல் வேண்டும்.

2014இல் வெளிவந்த 2.19ஆம் பதிப்பு முதலாக அக்கையேடு காரணத்தையும் உடன் குறிக்கின்றது. கெட்ஒப்டுக்கு அது காட்டும் காரணங்கள் இரண்டு. ஒன்று, மேற்சொன்ன பொது மாறிகளின் மேல் இழைகள் போட்டியிடுதல். மற்றது, சூழல் மாறிகளை இச்சார்பு வாசித்தல். வாசிக்கும் வேளையில் வேறோர் இழை சூழலை மாற்றுமாயின் கேடு விளையும். கெட்ஒப்டை அழைக்குமிடங்களுக்கு மட்டும் பூட்டிட்டால் இரண்டாவது இடர் நீங்காது. அன்றியும், வரிசையெண் ஓர் அழைப்பிலிருந்து அடுத்த அழைப்புக்குத் தொடர்வதால், ஒவ்வோர் அழைப்பையும் தனித்தனியே பூட்டுவதும் பயன்படாது. காரணம் கூறாது ‘பாதுகாப்பற்றது’ என்று மட்டும் எழுதியிருப்பின், இவ்வேறுபாடுகளை வாசகர் உணரார். அது குன்றக் கூறல் என்னும் குற்றமாகும்.

பரிகாரம் எளிது. வேறு இழைகளைத் தோற்றுவிக்குமுன், தலைமைச் சார்பிலேயே தெரிவுகள் அனைத்தையும் பிரித்து முடித்து, கண்ட பெறுமானங்களைத் தனி மாறிகளிற் பதித்துக் கொள்க. பின்னர் இழைகள் அவற்றை மாற்றாது வாசிக்கட்டும்.

மாணவர்காள்! நாளை நீவிர் ஒரு சார்பை எழுதிப் பிறர்க்கு அளிக்குங்கால், அஃது எங்கே பயன்படும் என்பதோடு எங்கே பயன்படாது, ஏன் பயன்படாது, அவ்விடத்துச் செய்யத்தக்கது யாது என்பனவற்றையும் எழுதுக. அவ்வுரையும் அச்சார்பின் ஒரு பகுதியே.